ரெண்டு ஆள் போதும்

சைக்கிளை எல்லாரும் எங்கேயாவது போவதற்காக மிதிப்பார்கள். எங்கள் தோட்டத்தில் ஆறு பேர் எங்கேயும் போகாமல் இருப்பதற்காக மிதித்தார்கள். ஜப்பான்காரன் காலம், நாற்பத்து மூன்றாம் வருஷம். மலாய் நாட்டில், கோலா தெர்லாவைத் தாண்டி கம்போங் ராஜா பக்கம் மேலே ஏறினால் எங்கள் தேயிலைத் தோட்டம். நான் அங்கே ஆலையில் பிட்டர். பெயர் ஹரோல்ட். இயந்திரம் என்று எதைக் கொண்டுவந்து போட்டாலும் பிரித்து மாட்டத் தெரிந்தவன் அந்த மலையில் நான் ஒருவன்தான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

வெள்ளைக்காரத் துரை சிங்கப்பூருக்கு ஓடிப்போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆலையின் எஞ்சினுக்கு ஊற்றச் சொட்டு டீசல் கிடையாது. மொரிதா என்ற ஜப்பான்காரன் வந்து தோட்டத்தை எடுத்துக்கொண்டான். பட்டாளத்துக்குத் தேயிலை வேண்டுமாம். எஞ்சின் ஓடாது என்று மலாயில் சொன்னேன். அவனுக்கும் அரைகுறையாக மலாய் வரும். எஞ்சினைப் பார்த்தான். வெளியே காலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வரிசையாக நின்ற ஆட்களைப் பார்த்தான். "ஆள் இருக்கே" என்றான். அவ்வளவுதான் உத்தரவு.

ஆளை வைத்து எதைச் சுற்றுவது? பெரிய ரோலரை ஐம்பது பேர் தொங்கினாலும் அசைக்க முடியாது. துரை சோதனைக்காக வாங்கிப் போட்ட சின்ன ரோலர் ஒன்று மூலையில் கிடந்தது. வாடிய கொழுந்தை அதில் போட்டால் சுருட்டித் தரும். அது போதும் என்று எனக்குத் தோன்றியது. பிரிஞ்சாங்கில் மீரான் பாய் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கூடவே சைக்கிளும் வாடகைக்கு விடுவார். டயர் கிடைக்காமல் அவருடைய சைக்கிள்கள் சுவரோரமாகத் துருப்பிடித்துக் கொண்டிருந்தன. ஆறு சைக்கிளைக் கொண்டுவந்து, சக்கரங்களைக் கழற்றி, ஒரே மரக்கட்டையில் வரிசையாக முடுக்கினேன். ஆறு சங்கிலியும் ஒரு நீள இரும்புத் தண்டுக்குப் போயின. தண்டின் முனையில் செத்த எஞ்சினின் பெரிய சக்கரம். அங்கிருந்து பெல்ட் போட்டு ரோலர். ஆறு பேர் ஏறி உட்கார்ந்து மிதித்தால் ரோலர் முனகிக்கொண்டே சுற்றும். தோட்டத்தில் அதற்கு 'மிதி' என்று பெயர் வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். மூன்றே மாதம், திரும்பி வந்துவிடலாம் என்றார்கள். முதல் லாரியில் போனவர்கள் ஒருவரும் திரும்பவில்லை. ஒரு வரி கடிதம்கூட இல்லை. மலைக்குக் கீழே தாப்பா டவுனுக்குப் போய் வந்தவர்கள் காதில் விழுந்ததைச் சொன்னார்கள். காய்ச்சலாம், வாந்தி பேதியாம், பிணத்தைப் புதைக்கக்கூட ஆள் இல்லையாம். மொரிதா ஒவ்வொரு முறையும் பெயர் எழுதச் சொல்வான். மிதியில் உட்காரும் ஆறு பேரை மட்டும் எழுதவேண்டாம் என்பான். பட்டாளத்துத் தேயிலை நிற்கக் கூடாதல்லவா.

அந்த ஆறு பேரில் ஒருவன் மைக்கல். என் தங்கை ஐவியின் புருஷன். மிதிக்கிற ஆளாக அவனைச் சேர்த்தது நான்தான். கால் பலத்துக்காக இல்லை. அவன் கால் கோழிக்கால். ஆலையில் தேயிலை சலித்துக்கொண்டு, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு, கங்காணி மாதிரியும் கிராணி மாதிரியும் என்னை மாதிரியும் நடித்துக் காட்டிச் சிரிக்கவைத்துக் கொண்டிருந்தவன். சயாமுக்குப் போனால் ஒரு மாதம் தாங்கமாட்டான். ஐவி ஆறு மாத கர்ப்பம். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. முப்பத்து நாலு வயதிலும் தங்கை வீட்டில்தான் சாப்பாடு. அவள் முகத்தைப் பார்த்துத்தான் அவனை ஏற்றி உட்காரவைத்தேன்.

மிதிக்கிறவனுக்கு நாளைக்கு ஒரு பால் டின் அரிசி கூடுதலாகக் கொடுத்தார்கள். மற்றபடி எல்லாருக்கும் போல மரவள்ளிக்கிழங்குதான். காலையிலிருந்து சாயங்காலம் வரை மிதிக்கிற உடம்புக்கு ஒரு டின் அரிசி எந்த மூலைக்கு? எஞ்சினுக்கு எண்ணெய் குறைந்தால் எஞ்சின் நின்றுவிடும். மனுஷன் நிற்கமாட்டான்; தன்னையே எரித்துக்கொண்டு ஓடுவான். இரண்டு மாதத்தில் ஆறு பேரும் கழுத்தெலும்பு துருத்தி, கண் உள்ளே போய்விட்டார்கள். மைக்கல் அந்த அரிசியிலும் பாதியை ஐவிக்கு ஒதுக்கிக்கொண்டிருந்தான் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தேன். ஐவி தட்டை வைக்கவில்லை.

"அண்ணே, மொதல்ல இங்க வந்து இவரு காலப் பாரு" என்றாள்.

மைக்கலின் கணுக்கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. அவள் விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்து அப்படியே நின்றது.

"ஒண்ணுமில்ல மச்சான், உங்க தங்கச்சி எல்லாத்தையும் பெருசாக்குவா. உங்க ரத்தம்தானே" என்றான் மைக்கல்.

"நீங்க சும்மா இருங்க!" ஐவி என் பக்கம் திரும்பினாள். "மலையில என்னை விட்டா பிட்டர் இல்லேன்னு பீத்திக்கிறியே. அந்தச் சனியனைக் கொஞ்சம் லேசாக்கித் தர முடியாதா ஒனக்கு?"

சுருக்கென்றது. அவள் சொன்னது நிஜம். தண்டுக்கு மரக்கட்டையில் ஓட்டை போட்டுத்தான் தாங்கு வைத்திருந்தேன். ஆறு பேர் கொடுக்கிற பலத்தில் பாதிக்கு மேல் அந்த ஓட்டையிலேயே உரசிப் புகைந்து போய்க்கொண்டிருந்தது. அவசரத்தில் செய்த வேலை. தினமும் அதைப் பார்க்கும்போது எனக்கே வெட்கமாக இருக்கும்.

மறுநாளே பிரிஞ்சாங்குக்கு நடந்தேன். மீரான் பாய் கடைக்குப் பின்னால் ஒரு லாரி செத்துக் கிடந்தது. அதன் சக்கரத்து பேரிங்குகளைக் கேட்டேன்.

"எடுத்துக்கப்பா. துரு தின்னுறதுக்குப் பதிலா ஒன் கையில இருந்தா நாலு பேருக்கு ஆகும்" என்றார். ஒரு சீசா நிறைய செம்பனை எண்ணெயும் கொடுத்தார், தேய்ந்துபோகாமல் இருக்க.

ஞாயிற்றுக்கிழமை மொரிதா தானா ராத்தாவுக்குப் போய்விடுவான். வீட்டு ஜெபத்துக்கு மட்டம் போட்டுவிட்டு ஆலையில் நுழைந்தேன். மரத்தாங்கை உடைத்து எறிந்தேன். பேரிங்குகளை அரைத்துப் பொருத்தினேன், தண்டின் கோணலை எடுத்தேன், சங்கிலிகளைக் கழுவி எண்ணெயில் ஊறவைத்தேன், பெல்ட்டை அறுத்து மறுபடி தைத்தேன். சாயங்காலம் ஒற்றை விரலால் பெரிய சக்கரத்தைத் தட்டிவிட்டேன். அது சுற்றியது, சுற்றியது, நான் ஒரு சுருட்டைச் சுருட்டிப் பற்றவைத்து இரண்டு இழுப்பு இழுத்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது. அப்படியொரு சந்தோஷம் எனக்கு. தனியாக நின்று சிரித்தேன்.

திங்கட்கிழமை காலை ஆறு பேரும் வழக்கம்போல் பல்லைக் கடித்துக்கொண்டு முதல் மிதி மிதித்தார்கள். கால் தானாக உள்ளே போய்விட்டது. மைக்கல் இருக்கையிலிருந்து விழப் பார்த்தான். ஆறு பேரில் பெரிய உடம்புக்காரன் சிங்காரம். அவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு மிதித்தான்.

"அண்ணே, இது தானா ஓடுதுலா! நாங்க எதுக்கு ஒக்காந்திருக்கோம்?" என்று கத்தினான்.

எல்லாரும் சிரித்தோம். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த ஆலையில் கேட்ட சிரிப்பு அது. அவன் சொன்னதை ஒருவரும் யோசிக்கவில்லை. எனக்கு மூளை என்று ஒன்று இருந்திருந்தால் அந்த இடத்திலேயே அவன் வாயைப் பொத்தியிருப்பேன்.

புதன்கிழமை மொரிதா வந்தான். பின்னாலேயே தோட்டத்துக் கணக்கு எழுதும் சுப்பிரமணியம் கிராணி, கையில் நோட்டுப் புத்தகம். ரோலர் முனகாமல் ஓடுவதைக் கேட்டு மொரிதா வாசலிலேயே நின்றான். ஒருவனை இறங்கச் சொல்லித் தானே ஏறி உட்கார்ந்து மிதித்தான். முகம் மலர்ந்துவிட்டது. "பாகுஸ்! பாகுஸ்!" என்று மலாயில் மெச்சி என் தோளில் தட்டினான். அதுவரை அந்தக் கை எவன் தோளிலும் தட்டிப் பார்த்ததில்லை, கன்னத்தில்தான் விழும். நீயா செய்தாய் என்று கேட்டான்.

தட்டியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. "நானேதான் மாஸ்டர். பாருங்க!" என்று சொல்லி நாலு பேரை இறக்கிவிட்டேன். சிங்காரமும் இன்னொருவனும் மட்டும் மிதித்தார்கள். ரோலர் கொழுந்தோடு சுற்றியது. "ரெண்டு ஆள் போதும் மாஸ்டர்!" என்றேன். மலாயில் ஒருமுறை, புரியாமல் போய்விடுமோ என்று இரண்டு விரலைக் காட்டி இன்னொரு முறை.

மொரிதா தலையாட்டினான். கிராணியைத் திரும்பிப் பார்த்து, மெதுவாக, கோபமில்லாமல், "அப்போ நாலு ஆள் மிச்சம்" என்றான். கிராணி எழுதினார்.

மைக்கல் இறங்கிய நாலு பேரில் ஒருவன். நான் இன்னும் இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டே நின்றேன். யாரோ பெல்ட்டைத் தள்ளிவிட, ரோலர் நின்றது. சனிக்கிழமை காலை லாரி வருகிறது என்று கிராணி என்னைப் பார்க்காமல் சொல்லிவிட்டுப் போனார்.

ஐவிக்குச் செய்தி எனக்கு முன்னால் போய்விட்டது. நான் லயத்து வீட்டுக்குப் போனபோது அவள் வாசலில் நின்றாள். அழவில்லை.

"நல்லாருக்குமா ஒனக்கு?" என்றாள். "லேசாக்கித் தான்னு நான்தான் கேட்டேன், இல்லேங்கல. ஊரைக் கூட்டி ரெண்டு வெரல் காட்டச் சொன்னேனா? ஒன் வாய்ல கொள்ளிய வைக்க! எம் புள்ள பொறந்து அப்பா எங்கேன்னு கேட்டா ஒன்னத்தான் காட்டுவேன், போ."

கதவைச் சாத்திவிட்டாள். உள்ளே மைக்கல் அவளைச் சமாதானப்படுத்தும் சத்தம் கேட்டது. போகப்போகிறவன் அவன், சமாதானமும் அவனே சொல்கிறான். எனக்கு என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. அறைந்தும் கொண்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லை.

மிதியை மறுபடியும் கெடுத்துவைக்கலாமா? மொரிதா தன் காலால் மிதித்துப் பார்த்துவிட்டானே. கெடுத்தவன் தலை இருக்காது. இறங்கிய நாலு பேருக்கும் வேலை வேண்டும். அவன் ஆசைப்படுகிற வேலையாக வேண்டும். வியாழக்கிழமை விடியும்போது குளிரில் ஆலையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தேயிலை காயவைக்கும் அடுப்பு அறையில் புகை அடைத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் ஓடிய நாளில் ஒரு பெரிய காற்றாடி சுடுகாற்றை இழுத்துத் தட்டுகளுக்குள் ஊதும். இப்போது விறகுத் தீயின் மேல் சும்மா பரப்பிக் காயவைத்தோம். தேயிலையெல்லாம் புகை நாற்றம். ஈப்போவில் பெரிய ஆபீசர்கள் குடித்துவிட்டுத் துப்புகிறார்கள் என்று மொரிதா எரிந்துவிழுந்துகொண்டே இருப்பான்.

நேரே போய் அவன் முன்னால் நின்றேன். "மாஸ்டர், காத்தாடியை மிதிச்சு ஓட்டலாம். புகை வாடை போயிடும். அந்த நாலு ஆள் வேணும்."

மொரிதா கெடு வைத்தான். "நாளைக்குச் சாயங்காலம் ஓடணும். ஓடலேன்னா நாலு ஆள் லாரியில" என்றான். கொஞ்சம் யோசித்து, "நீயும்" என்று சேர்த்துக்கொண்டான்.

காற்றாடியைச் சுவரிலிருந்து பெயர்த்து மிதிப் பக்கம் கொண்டுவரவேண்டும். முழுக்க வார்ப்பிரும்பு. கிழங்கு தின்று வற்றிய ஆறு பேரால் அதை நகர்த்த முடியவில்லை. கவாத்து வெட்டுகிற கூட்டத்திலிருந்து நாகரத்தினத்தைக் கூப்பிட்டேன். ஐவிக்குப் பக்கத்து வீட்டு அம்மாக்கண்ணுவின் புருஷன். தோளில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒரு முனையை அவன் ஒருவனே தூக்கினான், மறுமுனையில் நாங்கள் நாலு பேர்.

"ஹரோல்ட் அண்ணே, இந்தச் சாமான் சுத்துமா, இல்ல நம்மளச் சுத்தவைக்குமா?" என்றான்.

"பேசாம தூக்குய்யா. நாளைக்கு இதே காத்தில ஒன் கோவணம் காயும்" என்றேன். அவ்வளவு பதற்றத்திலும் எல்லாரும் சிரித்தார்கள். அவன் அன்று முழுக்கக் கவாத்துக்குப் போகாமல் எங்களோடேயே நின்று ஆணி அடித்தான், கயிறு இழுத்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை, தானாகச் செய்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தயார். இரண்டு பேர் ரோலருக்கு, நாலு பேர் காற்றாடிக்கு. இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. காற்றாடிக்குப் போதும் என்பதே கிடையாது. எவ்வளவு மிதித்தாலும் குடித்துவிட்டு இன்னும் கொடு என்னும். நாலு பேர் உண்மையாகவே வேண்டும். மொரிதாவும் கிராணியும் வந்து நின்றார்கள். மிதிக்கச் சொன்னேன். காற்றாடி கிளம்பியது. அடுப்பறைப் புகை கலைந்து, சுடுகாற்று தட்டுகளில் சீறியது. மொரிதா கையை நீட்டிக் காற்றைத் தொட்டுப் பார்த்தான்.

நான் ஒன்றை மறந்திருந்தேன். காற்றாடி மிதி, பழைய ரோலர் மிதியைவிடக் கனம். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மைக்கலின் கால் இழுத்துக்கொண்டது. அவன் முகத்தைப் பார்த்தேன், சாம்பல் நிறம். அப்படியே சரிந்து சிமெண்டுத் தரையில் விழுந்தான். காற்றாடி தளர்ந்தது, புகை திரும்பி அடித்தது.

மொரிதா மூக்கைப் பொத்திக்கொண்டு அவனைக் காலால் நிமிண்டினான். "இவன் வேண்டாம். வேற ஆள் போடு. இவன் நாளைக்கு லாரி."

"மாஸ்டர்!" என் குரல் எனக்கே யாரோ பேசியது போல் இருந்தது. "இவன் மிதிக்கிற ஆள் இல்ல மாஸ்டர். ஒரு ஆள் கொறைஞ்சதால ஏறினான். இவன்தான் பிட்டர்."

"பிட்டர் நீ."

"செஞ்சது நான். ஓடும்போது கூட நின்னு பாத்துக்கிறது இவன். நான் மிதிக்கிற ஆள். என் காலைப் பாருங்க, எவ்வளவு பலம்." சொல்லிக்கொண்டே மைக்கலின் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மொரிதாவுக்கு மிதிக்கிறவர்களின் எண்ணிக்கைதான் தெரியும், முகம் தெரியாது. பிட்டர் இல்லாமல் மிதி ஓடாது என்று மொரிதாவுக்குத் தெரியும்; பிட்டர் ஒருத்தன்தான் இருக்கலாம். மைக்கலை அந்த இடத்தில் வைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மொரிதா மைக்கலிடம், "அப்படியா? செய்" என்றான். காற்றாடி பெல்ட் அப்போது வழுக்கிக்கொண்டிருந்தது.

மைக்கலுக்கு ஸ்பேனரில் எந்த முனை எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது. தரையைப் பிடித்து எழுந்தான். என் எண்ணெய்க் கிண்டியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். தண்டில் காதை வைத்துக் கேட்டான். துப்பினான். பிறகு வாயைத் திறந்தான், என் குரல் வந்தது.

"எந்தக் கழுதை கட்டினது இதை? மாடு மேய்க்கப் போறவனெல்லாம் ஸ்பேனர் புடிச்சா இப்படித்தான்! ஏய், ஹரோல்ட்! என்னடா மூஞ்சியப் பாக்குற? வாயில ஈ பூந்துரும். மிதிடா!"

தங்கை புருஷன். ஆறு பேர் முன்னால், கிராணி முன்னால், என்னை 'டா' போட்டான். எனக்குக் காதெல்லாம் சுட்டது. பின்னால் சிங்காரம் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். மைக்கல் சுத்தியலை எடுத்து ஒரு ஆப்பில் ஓங்கி அடிக்கப் போனான், தப்பான ஆப்பு. நான் கனைத்தேன். சுத்தியல் அந்தரத்தில் நின்று, பக்கத்து ஆப்பில் இறங்கியது. பெல்ட் இறுகியது.

"தலையக் குனிஞ்சு மிதிடான்னா!" என்று கத்தினான் மைக்கல். குரல் உடைந்துவிடும் போலிருந்தது. அது மொரிதாவுக்குக் கோபம் மாதிரி கேட்டிருக்கும்.

தலையைக் குனிந்து மிதித்தேன். காற்று மறுபடி சீறியது. மொரிதா மைக்கலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுடைய பட்டாளத்தில் யார் கத்துகிறானோ அவன்தான் மேல். அது அவனுக்குப் புரிகிற பாஷை. "ஓகே. இவன் பிட்டர்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

மைக்கல் எண்ணெய்க் கிண்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றான். "மச்சான், மன்னிச்சிருங்க மச்சான்" என்று முணுமுணுத்தான். கண்ணில் தண்ணீர்.

"போய்யா. ஸ்பேனரைத் தலைகீழாப் புடிச்சிருக்கே, திருப்பிப் புடி மாப்ள" என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் இருந்ததில்லை.

கிராணி மட்டும் போகவில்லை. மற்றவர்கள் இறங்கி வெளியே போகும்வரை நின்று, என் பக்கத்தில் வந்தார்.

"நல்லது பண்ணினே ஹரோல்ட். ஆனா ஒண்ணு. நாலு பேர் வர்றாங்கன்னு புதன்கிழமையே தாப்பாவுல ஆள் சேக்குற ஆபீசுக்கு எழுதிப் போட்டாச்சு. நாலு பேர் ஏறணும்."

"இவங்கதான் வேணும்னு அவனே சொல்லிட்டானே?"

"இவங்க வேணும்னான். நாலு வேணாம்னு சொல்லலியே. கவாத்துக் கூட்டத்திலேருந்து எழுதச் சொல்லிட்டான்." நோட்டுப் புத்தகத்தைத் திறக்காமலே மூன்று பெயர் சொன்னார். நாலாவது நாகரத்தினம்.

"ஐயா, அவனுக்கு மூணு புள்ளைங்க. பொண்டாட்டி புள்ளை இல்லாத ஆளு ஒருத்தன்கூடவா கெடைக்கல ஒங்களுக்கு?" என்று பாய்ந்தேன்.

சுப்பிரமணியம் கிராணி கெட்ட மனுஷன் இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார், அவ்வளவுதான். பார்த்துக்கொண்டே இருந்தார். இந்தத் தோட்டத்தில் பெண்டாட்டி பிள்ளை இல்லாத, கை கால் பலமாக இருக்கிற ஆள் யார் என்று எனக்குத் தெரியும். அந்த இருக்கையில் நாகரத்தினம் உட்கார்ந்தால் என்னைவிட இரண்டு மடங்கு மிதிப்பான் என்றும் தெரியும். ராத்திரியே மைக்கலுக்கு நாலு விஷயம் சொல்லிக்கொடுத்துவிட்டால் மிதியும் நிற்காது, மைக்கலும் போகவேண்டாம், அவனும் போகவேண்டாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். எப்போதும் ஓயாத என் வாய். திறக்கவில்லை.

கிராணிதான் கடைசியில் எனக்காகப் பேசினார். "சரி, இப்ப நீதான் மிதிக்கிற ஆளாச்சே" என்றார் மெதுவாக. ஆமாம் என்று தலையாட்டினேன்.

அன்று ஐவி எனக்குத் தட்டு வைத்தாள். நிறையச் சோறு, அவள் பங்கையும் சேர்த்து. என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பக்கத்து வீட்டில் அம்மாக்கண்ணு அழுவது பலகைச் சுவர் வழியாகக் கேட்டது. ஐவி கேட்காத மாதிரி இருந்தாள். நானும் சாப்பிட்டேன். எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் காற்றாடி ஓடியாகவேண்டும். என் இருக்கை ஜன்னலைப் பார்த்து இருந்தது. பனி கலைந்துகொண்டிருந்தது. லாரி ஆலைக்குக் கீழே ரோட்டில் நின்றது. நாலு பேரும் ஏறினார்கள். நாகரத்தினம் கடைசியாக ஏறி, பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அம்மாக்கண்ணு கடைசிக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு லாரியைத் தொட்டபடி நின்றாள். வண்டி நகர்ந்தது. ஆலைப் பக்கம் வரும்போது அவன் ஜன்னலில் என்னைப் பார்த்துவிட்டான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. கையைத் தூக்கி ஆட்டினான்.

"ஹரோல்ட் அண்ணே! காத்தாடி நல்லா சுத்துதா?" என்று கத்தினான்.

நான் மிதிப்பதை நிறுத்தவில்லை. "சுத்துது!" என்று கத்தினேன். நான் அவனிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.